எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீடு திரும்பிய சில நாட்களிலேயே ஒரு குழப்பத்தில் சிக்கிக்கொள்கிறார். கைபேசியில் இருக்கும் கலோரிக் கணிப்பான் அவருடைய வயது, உயரம், எடை ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, நாளொன்றுக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவை என்கிறது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய உணவுத் தாளில் உள்ளதையெல்லாம் கூட்டினால் 500 கலோரிகூடத் தேறவில்லை. 'இத்துனூண்டு கஞ்சியைக் குடித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுகிறார்கள். இதே சிகிச்சையை முன்பே செய்துகொண்ட உறவினர் ஒருவரோ, 'மூன்று வருடமாக நான் 800 கலோரியைத் தாண்டியதே இல்லை' என்று பெருமையோடு சொல்கிறார்.

இவற்றுள் எதை நம்புவது? கணிப்பான் பொய் சொல்லவில்லை. உணவுத் தாளும் தவறாக எழுதப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். அந்த இரு கேள்விகளும் 'கலோரித் தேவை' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடப்படுவதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டு பலர் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள். சிலர் உடலைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைவாகவும் உண்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரு கேள்விகளையும் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விடை காணும் வழியை எளிமையாகச் சொல்ல முயல்கிறது. தனிப்பட்ட மருத்துவ ஆலோசனைக்கு இது மாற்று அல்ல. அந்த ஆலோசனையின்போது சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ளத் துணை செய்வது மட்டுமே இதன் நோக்கம்.

குதிரும் களமும்

பழைய விவசாய வீடு ஒன்றை மனத்தில் கொள்வோம். களத்திலிருந்து நெல் வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் அன்றாடம் அதைச் சமைத்து உண்கிறார்கள். மிஞ்சியது குதிரில் சேர்கிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை குதிரின் மட்டம் மாறாது. வரவு கூடினால் மட்டம் உயரும். களத்திலிருந்து வருவது குறைந்தால், வீட்டார் பட்டினி கிடப்பதில்லை. குதிரைத் திறந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

உடலில் களத்து நெல் என்பது நாம் உண்ணும் உணவு. வீட்டுச் செலவு என்பது உயிர் வாழவும் நடமாடவும் உடல் செலவிடும் ஆற்றல். குதிர் என்பது தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்திருக்கும் கொழுப்பு. இந்த மூன்றையும் அளக்கும் மரக்கால்தான் கலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே உணவுக் கணக்கில் ஒரு கலோரி. அறிவியல் நூல்கள் இதைக் கிலோகலோரி என்று எழுதும். உணவுப் பொட்டலங்களிலும் பேச்சு வழக்கிலும் வரும் கலோரி இதே அளவுதான். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கலோரி வீதமும், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கலோரியும் தருகின்றன.

இப்போது அந்த இரு கேள்விகளையும் பிரித்துவிடலாம். 'என் உடல் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவிடுகிறது?' என்பது முதல் கேள்வி; கைபேசிக் கணிப்பான் இதற்கு விடை சொல்கிறது. 'நான் ஒரு நாளைக்கு எவ்வளவு உண்ண வேண்டும்?' என்பது இரண்டாவது. உணவுத் தாள் இதற்கு விடை சொல்கிறது. எடை மாறாமல் இருப்பவருக்கு இரண்டு விடைகளும் ஒன்றே. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, குறைந்தது முதல் ஓராண்டுக்கு, இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இடையில் உள்ள இடைவெளியைக் குதிர் நிரப்ப வேண்டும் என்பதற்காகவே சிகிச்சை செய்யப்பட்டது. அந்த இடைவெளிக்கு ஆற்றல் பற்றாக்குறை என்று பெயர்.

அறுவை சிகிச்சை எதை மாற்றுகிறது

இன்று பரவலாகச் செய்யப்படும் சிகிச்சைகள் இரண்டு. ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதி மட்டும் ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கிவைத்த பைபாஸ் சிகிச்சையே பல திருத்தங்கள் பெற்று இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது.

வயிறு சிறிதானதால் உணவு குறைகிறது என்பது உண்மையின் ஒரு பாதி. இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பசி எடுக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதுவே. ஸ்லீவ் சிகிச்சையில் அந்தப் பகுதி நீக்கப்படுவதால் அந்தச் செய்தி மங்குகிறது. உணவு சிறுகுடலை விரைவில் சென்றடைவதால், 'போதும்' என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. முன்பு நான்கு தோசைக்குப் பிறகும் அடங்காத பசி, இப்போது அரைத் தோசையிலேயே அடங்குவது மன உறுதியால் மட்டும் நிகழ்வதன்று.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட்டாக வேண்டும். பைபாஸ் செய்துகொண்டால் 'சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது' என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான பைபாஸில் உறிஞ்சப்படாமல் வெளியேறும் ஆற்றல் மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. எடை குறைவதற்குப் பெருங்காரணம், குறைவாக உண்பதே. ஒட்டாமல் போவது வேறு: இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12 போன்ற நுண்சத்துகள். எனவே கலோரிக் கணக்கில் 'பாதிதானே ஒட்டும்' என்று தள்ளுபடி செய்துகொள்வதும், ஒட்டாமல் போகும் சத்துகளுக்கான மாத்திரைகளை நிறுத்திவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

இதுவரை பார்த்தது: சிகிச்சை, களத்திலிருந்து நெல் வரும் வழியைக் குறுக்குகிறது, நெல்லைக் கேட்டு எழும் குரலையும் தணிக்கிறது. வீட்டுச் செலவை அது நேரடியாகக் குறைப்பதில்லை. அந்தச் செலவு என்னவாகிறது என்பதே அடுத்த கேள்வி.

உடலின் செலவைக் கணக்கிடுவது

உடலின் அன்றாடச் செலவு மூன்று தலைப்புகளில் அடங்கும். முதலாவது, அசையாமல் படுத்திருந்தாலும் ஆகும் செலவு: இதயம் துடிப்பது, மூச்சு விடுவது, மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் இயங்குவது, உடல் வெப்பம் காப்பது. இதை அடிப்படைச் செலவு என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். அலுவலக வேலை பார்ப்பவர்களிடம் மொத்தச் செலவில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு இதற்கே போகிறது. இரண்டாவது, உண்டதைச் செரிக்க ஆகும் செலவு. இது சுமார் 10 விழுக்காடு. மீதம், நடப்பது முதல் பாத்திரம் துலக்குவது வரை எல்லா அசைவுகளுக்கும் ஆவது.

அடிப்படைச் செலவைத் துல்லியமாக அளக்க, மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும் கருவி உண்டு. அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. அதனால் மருத்துவர்களும் உணவியலாளர்களும் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1919-இல் ஹாரிஸ், பெனடிக்ட் ஆகிய இருவர் வெளியிட்ட சூத்திரம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 498 பேரை அளந்து 1990-இல் வெளியிடப்பட்ட மிஃப்லின் சூத்திரம் இன்று பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

அதன்படி எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். பிறகு வயதைப்போல் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பெண்ணானால் மேலும் 161-ஐக் கழிக்க வேண்டும். ஆணானால் 5-ஐக் கூட்ட வேண்டும்.

42 வயது, 160 செ.மீ. உயரம், 110 கிலோ எடை கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடையிலிருந்து 1,100, உயரத்திலிருந்து 1,000, ஆக 2,100. வயதுக்காக 210-ஐயும் பெண் என்பதற்காக 161-ஐயும் கழித்தால் 1,729. இதுவே அவருடைய அடிப்படைச் செலவு. பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்பவரானால் இதை 1.2-ஆல் பெருக்கினால் மொத்தச் செலவு கிடைக்கும்: ஏறத்தாழ 2,075 கலோரி. வாரத்தில் சில நாட்களாவது நடைப்பயிற்சி செய்பவருக்கு 1.375-ஆல் பெருக்குவது வழக்கம்.

கைபேசிக் கணிப்பான் சொன்ன '2,000-க்கு மேல்' என்பது இந்த எண்தான். இது அவர் உடல் செலவிடும் அளவு. இந்த அளவு உண்டால் 110 கிலோ 110 கிலோவாகவே இருக்கும். மருத்துவமனை சொன்னபடி 700 கலோரி உண்ணும் ஒரு மாதத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,375 கலோரியை அவர் உடல் குதிரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி சேமிப்பு இருப்பதால், 30 நாட்களில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலான கொழுப்பு கரையலாம். முதல் மாதத்தில் தராசு இதைவிட அதிகமாகக் காட்டினால், கூடுதலாகக் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீரும், ஓரளவு தசையும் ஆகும். 'ஒரு மாதத்தில் 10 கிலோ குறைந்தேன். இரண்டாம் மாதம் 5 கிலோதான். சிகிச்சை வேலை செய்யவில்லையோ' என்று கலங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரும்.

எடை குறையும்போது செலவும் குறைவது ஏன்

பன்னிரண்டு பேர் இருந்த கூட்டுக்குடும்பத்தில் எட்டுப் பேர் ஆனால் நெல் செலவு குறையத்தான் செய்யும். எடை குறைந்த உடலும் அப்படித்தான். இரத்தம் பாய வேண்டிய திசு குறைகிறது. படியேறும்போது தூக்கிச் செல்ல வேண்டிய சுமை குறைகிறது. நம் எடுத்துக்காட்டுப் பெண் ஒன்றரை ஆண்டில் 77 கிலோவுக்கு வருகிறார் என்று கொள்வோம். தன் எடையில் 30 விழுக்காட்டை இழப்பது பைபாஸுக்குப் பின் சாதாரணமாக நிகழக்கூடியதே. வயது 43. இப்போது அதே சூத்திரப்படி அடிப்படைச் செலவு 1,394. உட்கார்ந்த வாழ்க்கைக்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 1,673. முன்பு 2,075 செலவிட்ட உடல் இப்போது 400 கலோரி குறைவாகச் செலவிடுகிறது.

இதற்கு மேலும் ஒரு குறைவு உண்டு. மழை பொய்த்த ஆண்டில், வீட்டில் ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பேரே இருந்தாலும், பெரியவள் படியை வழித்து அளப்பாள். உடலும் உணவு குறைந்த காலத்தில் சூத்திரம் சொல்வதைவிடச் சற்றுக் குறைவாகவே செலவிடுகிறது. இதைத் தகவமைப்புச் சிக்கனம் எனலாம். 1944-45-இல் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்த ஆய்வில் இந்தச் சிக்கனம் தெளிவாகப் பதிவாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய அடிப்படைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி அளவுக்குக் குறைந்திருந்தது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் 'மெட்டபாலிசம் செத்துவிட்டது' என்று அஞ்சுவதைப் பார்க்கிறேன். அந்த அச்சம் வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் இந்தச் சிக்கனம் இவ்வளவு பெரிதாகவும் நெடுங்காலம் நீடிப்பதாகவும் காணப்படவில்லை. எடை வேகமாகக் குறையும் மாதங்களில் தோன்றி, எடை நிலைபெற்றபின் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆனால் கணக்குப் போடும்போது அதை அடியோடு மறப்பதும் சரியன்று. நம் எடுத்துக்காட்டில் சூத்திரம் 1,673 என்றால், உண்மைச் செலவு 1,500-க்கும் 1,600-க்கும் நடுவே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது முன்னெச்சரிக்கையான மதிப்பீடு.

தசையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு செலவிடுவது 4.5 கலோரி. தசை வளர்த்தால் நூற்றுக்கணக்கில் எரியும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வது மிகை. ஆயினும் தசையைக் காப்பது இன்றியமையாதது: எழுந்து நிற்கவும் படியேறவும் முதுமையில் விழாமல் இருக்கவும் அதுவே வேண்டும்.

சுருங்கச் சொன்னால், செலவு என்பது நிலையான எண் அன்று. சிகிச்சையன்று கணக்கிட்ட எண் ஆறு மாதத்தில் பழையதாகிவிடுகிறது. ஐந்து, பத்து கிலோ குறையும்போதெல்லாம் புதிய எடையை வைத்துத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

உண்ணும் அளவு மாதந்தோறும் எப்படி மாறுகிறது

செலவு மெல்ல இறங்கிவரும் அதே காலத்தில் உண்ணும் அளவு மெல்ல ஏறுகிறது. முதல் இரு வாரங்கள் நீர்த்த உணவுகளே: தெளிந்த சூப், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கலந்த பால். இந்நாட்களில் 400 முதல் 600 கலோரிக்குள் அடங்குவது வழக்கம். அப்போது முதல் கவலை தண்ணீரும் புரதமுமே தவிர, கலோரி அன்று. அடுத்து மசித்த உணவு, பின் குழைவான உணவு, ஒன்றரை இரண்டு மாதங்களில் மென்று உண்ணும் வழக்கமான உணவு என்று படிகள் வரும். ஆறாம் மாதம் வரை 600 முதல் 1,000 கலோரி, ஓராண்டை ஒட்டி 1,000 முதல் 1,400 கலோரி என்பது பெரும்பாலோரின் அனுபவம். உடல் உழைப்பு மிகுந்தவர்களுக்கும் ஆண்களுக்கும் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த அட்டவணை சிறிது மாறும். தமக்குக் கொடுக்கப்பட்டதையே பின்பற்ற வேண்டும்.

புரதத்தை முதலில் வை

முதல் ஓராண்டில் 'எத்தனை கலோரி?' என்ற கேள்வியைவிட 'எத்தனை கிராம் புரதம்?' என்ற கேள்வியே முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது. கலோரி குறைந்தால் குதிர் கொடுக்கும். புரதத்துக்குக் குதிர் கிடையாது. உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். வீட்டு விறகு தீர்ந்ததும் உத்தரத்தை உடைத்து அடுப்பில் வைப்பது போன்றது அது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அடிக்கோடு. உடல்வாகைப் பொறுத்து 80 கிராமோ அதற்கு மேலோகூடப் பரிந்துரைக்கப்படும்.

அது எவ்வளவு கடினம் என்பதை ஒரு நாள் சாப்பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதத்தில் இருப்பவர் ஒருவர். காலை ஏழு மணிக்கு 150 மி.லி. பாலில் ஒரு கரண்டி புரதப் பொடி: சுமார் 190 கலோரி, 25 கிராம் புரதம். ஒன்பது மணிக்கு அவித்த முட்டை ஒன்றும் அரை இட்லியும்: 100 கலோரி, 7 கிராம். மதியம் குழம்பிலிருந்து எடுத்த முள் நீக்கிய மீன் 50 கிராம், இரண்டு கரண்டிக் குழைந்த சாதம்: 100 கலோரி, 11 கிராம். மாலை நான்கு மணிக்குச் சிறு கிண்ணம் தயிர்: 60 கலோரி, 3 கிராம். இரவு கெட்டியாக வெந்த பாசிப்பருப்பு 100 கிராம், உதிர்த்த பனீர் 30 கிராம்: 190 கலோரி, 12 கிராம். சமையலில் சேர்ந்த இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்கு 90 கலோரி. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 730 கலோரி, 58 கிராம் புரதம்.

இந்தச் சாப்பாட்டை அவர் உண்ணும் விதத்தையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டி. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கரண்டியைத் தட்டில் வைத்துவிடுகிறார். மீன் துண்டு கூழாகும்வரை மெல்கிறார். மதியச் சாப்பாடு முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் மீன், பிறகுதான் சாதம், ஏனென்றால் சாதத்தை முதலில் தொட்டால் மீனுக்கு இடம் இருக்காது. தண்ணீர் குடிக்க இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்தப் புரதப் பொடியை எடுத்துவிட்டால் 58 கிராம் 38 ஆகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கு இது இன்னும் இறுக்கமான கணக்கு. வெந்த பருப்பு 100 கிராமில் இருப்பது ஏறத்தாழ 7 கிராம் புரதம். பருப்பை மட்டும் நம்பி 60 கிராமை எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 850 கிராம் வெந்த பருப்பு உண்ண வேண்டும். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் மட்டுமே கொள்ளும் வயிற்றுக்கு அது இயலாது. 'பருப்பிலேயே எல்லாப் புரதமும் இருக்கிறது, பொடி எதற்கு?' என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டலாம். பனீர், கெட்டித் தயிர், சோயா, மசித்த சுண்டல் ஆகியவற்றோடு பொடியும் சேர்ந்தால்தான் அந்தக் கோட்டைத் தொட முடியும்.

இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

செலவு 2,075-இல் தொடங்கி இறங்கி வருகிறது. உணவு 500-இல் தொடங்கி ஏறி வருகிறது. ஒருநாள் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 1,500-ஐ ஒட்டிய ஏதோ ஓர் இடம். அன்றிலிருந்து தராசு முள் நகராது. பெரும்பாலோருக்கு இது சிகிச்சை முடிந்த 12 முதல் 18 மாதங்களுக்குள் நிகழ்கிறது. இது தோல்வி அன்று. பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்பதன் அடையாளம். முதலில் பிரித்துவைத்த இரு கேள்விகளும் இங்கேதான் மறுபடி ஒன்றாகின்றன: உடல் செலவிடுவதும் உண்ண வேண்டியதும் இனி ஒரே எண்.

அந்த எண்ணைக் கண்டறிய, இந்தக் கட்டத்தில், எந்தச் சூத்திரத்தையும்விடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் உண்பது அனைத்தையும் அளந்து எழுத வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை மாறவில்லையென்றால், அந்த மூன்று வாரத்தின் சராசரியே உங்கள் தேவை. வாரத்துக்குக் கால் கிலோ வீதம் ஏறுகிறது என்றால், நாளொன்றுக்குத் தோராயமாக 275 கலோரி மிகுதியாகப் போகிறது என்று பொருள். சூத்திரம் உங்களைப் போன்ற பலரின் சராசரியைச் சொல்கிறது; இந்த நோட்டுப் புத்தகம் உங்களைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட உறவினரிடம் இப்போது திரும்பலாம். மூன்று ஆண்டுகளாக 800 கலோரி மட்டுமே உண்பதாகவும், எடை ஓராண்டாக மாறவில்லை என்றும் அவர் சொன்னால், எழுதப்படாத கலோரி எங்கோ இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெயையும், டீக்குப் போட்ட சர்க்கரையையும், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததையும் யாரும் உணவாகக் கணக்கிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரிக்கு மேல். சிறிய வயிற்றுக்கும் தடையின்றி இறங்கும் உணவுகள் இன்னொரு வழி: டீயில் நனைத்த பிஸ்கட், வாயில் கரையும் காராபூந்தி, பாயசம், ஐஸ்கிரீம், பாதாம் பால். அரைத் தோசையில் நிறைந்துவிடும் அதே வயிறு, மாலை முழுதும் கொறிக்கும் முறுக்குக்குத் தடை சொல்லாது, ஏனெனில் அது மாவாகக் கரைந்து உடனே குடலுக்கு இறங்கிவிடுகிறது. இனிப்பு திடீரெனச் சிறுகுடலில் இறங்கும்போது சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வருவதுண்டு. டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் எல்லாருக்கும் இது வருவதில்லை; வராதவர்களுக்கு இனிப்பைத் தடுக்க அந்த எச்சரிக்கைகூட இல்லை.

குறைவே நல்லது என்ற எண்ணம்

'800-ஐத் தாண்டியதில்லை' என்பது உண்மையாகவே நிகழ்ந்தால் அது பெருமைப்பட வேண்டியது அன்று. பற்றாக்குறை அளவுக்கு மீறி நீண்டால் தசை கரையும், இரத்தச்சோகை வரும், எலும்பு வலுவிழக்கும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கும் வரும். வேகமான எடைக் குறைவே அதற்குக் காரணம், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் ஓராண்டு கடந்தும் முடி கொட்டினாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, எடை நிற்காமல் இறங்கிக்கொண்டே போனாலோ, உணவையும் இரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

நாள்கணக்கில் வாந்தி எடுத்து எதுவும் தங்காமல் போவது இவற்றைவிட அவசரமானது. உடலில் வைட்டமின் பி1-இன் இருப்பு சில வாரங்களுக்கே வரும். அது தீர்ந்தால் நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, நினைவு குழம்புவது என மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படும். 'ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாந்தி வரத்தான் செய்யும்' என்று வீட்டிலேயே பொறுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே காலத்தில் உடல் பற்றாக்குறையில் இருக்கிறது. அதனால்தான் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். கருவுற்றுவிட்டால் இக்கட்டுரையில் உள்ள எந்த எண்ணும் பொருந்தாது. புதிதாகக் கணக்கிட உணவியலாளரிடம் உடனே செல்ல வேண்டும்.

அவரிடம் செல்லும்போது கையில் கொண்டுபோக வேண்டியது அந்த நோட்டுப் புத்தகம்தான்: தேதி, உண்டது, புரதம் எத்தனை கிராம், அன்றைய எடை என்று நான்கு பத்திகள். கணிப்பான் காட்டிய எண்ணை அவர் தாமே போட்டுக்கொள்வார். நீங்கள் எழுதிவைத்த மூன்று வாரத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் அவருக்குத் தர முடியாது.